பெரியாற்று நீரும் அலுமினியத் தொட்டியும்

1886ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்பவரும், ஏப்ரலில் பிரான்சில் பால் எரூ என்பவரும், ஒருவரைப் பற்றி மற்றவர் அறியாமலேயே, உருகிய கிரையோலைட் என்னும் உப்பில் அலுமினாவைக் கரைத்து அதனுள் மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியம் தனியே பிரியும் என்று கண்டறிந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே, பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி அந்நீரைக் கிழக்கே திருப்பிக்கொள்ளச் சென்னை மாகாணத்துக்கு 999 ஆண்டுகளுக்கு உரிமை தரும் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தானது. இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் விழும் நீரை மின்சாரமாகவும், அந்த மின்சாரத்தை உலோகமாகவும் மாற்றும் தொழில் பெரியாற்றைத் தேடி வந்தபோது, அது மலையின் மேற்குச் சரிவில் காலூன்றியதற்கும், கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் காலூன்றாமல் போனதற்கும் உரிய காரணங்களுள் அந்தக் குத்தகைப் பத்திரமும் ஒன்று.

தாதுவில் உலோகம் பெரும்பாலும் தனித்து இருப்பதில்லை. ஆக்சிஜனோடோ கந்தகத்தோடோ குளோரினோடோ இணைந்தே கிடக்கிறது. அந்த இணைப்பில் உலோக அணு தன் எலக்ட்ரான்களை இழந்து, நேர்மின்னேற்றம் பெற்ற துகளாக, அதாவது அயனியாக இருக்கிறது. இழந்த எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது மீண்டும் உலோகமாகிவிடும். இந்த வேலையைக் கரி செய்தால் அது உலைமுறை. மின்சாரம் செய்தால் அது மின்னாற்பகுப்பு.

இந்த எலக்ட்ரான் பரிமாற்றத்தைக் கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் பல தலைமுறைகளாகக் கண்ணால் பார்த்து வருகின்றனர். திராட்சைப் பந்தலில் அடிச்சாம்பல் நோய்க்கும், மலைமேல் ஏலத்தோட்டங்களில் மழைக்கால அழுகல் நோய்க்கும் தெளிக்கப்படும் போர்டோ கலவை, துருசு என்றும் மயில்துத்தம் என்றும் சொல்லப்படும் தாமிர சல்பேட்டை ஒரு பங்கும் சுண்ணாம்பை ஒரு பங்கும் நூறு பங்கு நீரில் கரைத்துச் சேர்ப்பது. கலவை பதமாக இருக்கிறதா என்று அறிய, துடைத்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியையோ அரிவாளையோ அதில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுப்பார்கள். அலகில் செந்நிறப் படிவு தென்பட்டால் கட்டுப்படாத தாமிரம் இன்னும் மிச்சம் இருக்கிறது, இலை கருகிவிடும், சுண்ணாம்பு நீர் மேலும் சேர்க்க வேண்டும் என்று பொருள். அந்தச் செந்நிறப் படிவு தூய தாமிரம். இரும்பு தன் எலக்ட்ரான்களைத் தாமிர அயனிக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைய, தாமிரம் உலோகமாகி அலகின் மேல் படிகிறது. உலோகப் பாத்திரத்தில் இந்தக் கலவையைத் தயாரிக்கக் கூடாது என்ற தோட்டத்து விதிக்கும் காரணம் இதுவே. மின்வேதியியலின் முதல் பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் கற்பித்துவிட முடியாது.

அலகில் தானாக நிகழும் இதே மாற்றத்தைத் தொழிற்சாலையில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து நிகழ்த்துகிறார்கள். துருசுக் கரைசலில் தூய்மையற்ற தாமிரத் தகட்டை நேர்மின்வாயாகவும் மெல்லிய தூய தகட்டை எதிர்மின்வாயாகவும் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், முதல் தகடு கரைய, இரண்டாம் தகட்டில் தூய தாமிரம் ஏறுகிறது. தங்கம், வெள்ளி போன்றவை கரையாமல் தொட்டியின் அடியில் வண்டலாகத் தங்குகின்றன. 2018 வரை இயங்கிய தூத்துக்குடி தாமிர ஆலையின் சுத்திகரிப்புப் பிரிவில் நடந்ததும் இதுதான். இங்கே தாதுவை உடைக்கும் கடினமான வேலையை உலை முன்னதாகவே முடித்துவிடுவதால், ஒரு டன் தாமிரத்தைத் தூய்மையாக்கச் சில நூறு யூனிட் மின்சாரமே போதுமானதாகிறது.

அலுமினியத்தின் நிலை முற்றிலும் வேறு. புவியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 8 விழுக்காடு அலுமினியம்தான். கம்பம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்து நிற்கும் சார்னோகைட் பாறைகளிலும் அது நிறைய உண்டு. ஆயினும் ஆக்சிஜனை அது பற்றியிருக்கும் பிடி, இரும்பின் பிடியைவிட மிக வலியது. இரும்பை விடுவிக்கும் கரியால் வழக்கமான உலைகளில் அலுமினியத்தை விடுவிக்க இயலாது. நீரில் கரைந்த அலுமினிய உப்பில் மின்சாரத்தைச் செலுத்தினாலும் பயன் இல்லை. நீரிலுள்ள ஹைட்ரஜன் முந்திக்கொண்டு எலக்ட்ரான்களை வாங்கிவிடும், உலோகம் கரைசலிலேயே நின்றுவிடும். ஹம்ப்ரி டேவி 1807இல் உருகிய காரங்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்த வழியே அலுமினியத்துக்கும் பொருந்தும். ஆனால் அலுமினா உருகுவதற்கே 2,000 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். எனவே 1886க்கு முன்பு சோடியத்தைக் கொண்டு சிறுகச் சிறுகத் தயாரிக்கப்பட்ட அலுமினியம் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் பொருத்துவதற்கு அலுமினியக் கூம்பைத் தேர்ந்தார்கள் என்பதே அதன் மதிப்புக்குச் சான்று.

ஹாலும் எரூவும் கண்ட வழியில் அலுமினா உருக்கப்படுவதில்லை, கரைக்கப்படுகிறது. சுமார் 960 பாகையில் உருகி நிற்கும் கிரையோலைட்டில் அலுமினா சர்க்கரை நீரில் கரைவதுபோல் கரைந்துவிடும். தொட்டியின் அடியும் சுவரும் கரியால் ஆனவை, அடித்தளம் எதிர்மின்வாய். மேலிருந்து தொங்கும் பெரிய கரிக்கட்டைகள் நேர்மின்வாய். மின்சாரம் பாயும்போது அலுமினியம் கனத்துக் கீழே உருகிய நிலையில் தேங்குகிறது. ஆக்சிஜன் மேலே கரிக்கட்டையோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஆகவே கரிக்கட்டையும் தேய்ந்துகொண்டே வரும்; ஒரு டன் உலோகத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் அலுமினாவும், அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியும் செலவாகும்.

இதில் மின்சாரத்தின் பங்கை மைக்கேல் ஃபாரடே 1830களில் வகுத்த விதிகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். ஓர் அலுமினிய அயனிக்கு மூன்று எலக்ட்ரான்கள் வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 2,980 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தேவை. தொட்டியின் மின்னழுத்தம் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல். இரண்டையும் பெருக்கி, இடையில் வீணாவதையும் சேர்த்தால், கிலோவுக்கு 13 முதல் 15 யூனிட் வரை வரும். பழைய ஆலைகளில் 17 யூனிட்டுக்கு மேலும் ஆனது. யூனிட் என்பது ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. நான்கு வோல்ட்டுக்காக ஒரு தனித் தொட்டியை நடத்துவது கட்டாது என்பதால் நூற்றுக்கும் மேற்பட்ட தொட்டிகளை வரிசையாக இணைத்து, அவை எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்துவர். இந்த வரிசைக்கு ஓய்வு கிடையாது. நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் நின்றுபோனால் தொட்டிக்குள் உருகி நிற்பவை உறைந்து கல்லாகிவிடும். உடைத்தெடுத்துத் திரும்பத் தொடங்க மாதங்கள் ஆகும்.

எனவே இந்த உலோகம் தாது இருக்கும் இடத்தைவிட, மலிவான, இடையறாத மின்சாரம் இருக்கும் இடத்தையே தேடிப் போயிற்று. 1888இல் சுவிட்சர்லாந்தின் நாய்ஹௌசனில் ரைன் அருவியின் பக்கத்திலும், 1896இல் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியின் பக்கத்திலும் ஆலைகள் எழுந்தன. நயாகராவின் புதிய மின்நிலையம் 1895 ஆகஸ்டில் மின்சாரம் தரத் தொடங்கியபோது, அதை முதலில் வாங்கிய நிறுவனம் ஹாலின் அலுமினியக் கம்பெனிதான். அதற்கு இரண்டே மாதங்களுக்குப் பின், 1895 அக்டோபர் 10ஆம் நாள், பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்த நீர், ஆயிரம் அடிக்கும் மேல் சரிந்து வைரவனாற்றின் வழியாகப் பள்ளத்தாக்கை அடைந்தது. நயாகராவின் வீழ்ச்சியைவிடப் பல மடங்கு உயரத்திலிருந்து விழுந்த அந்த நீரின் ஆற்றல், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாறையில் மோதி வெப்பமாகக் கரைந்துகொண்டிருந்தது.

அந்த ஆற்றலின் அளவை இன்றைய எண்களில் காணலாம். பள்ளத்தாக்கின் மலையடியில் உள்ள லோயர் கேம்ப்பில் 1958 முதல் 1965 வரை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கிய நான்கு மின்னாக்கிகளின் மொத்தத் திறன் 140 மெகாவாட். பின்னர் அவை மேம்படுத்தப்பட்டன. மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்கள் வழியாக வரும் ஒவ்வொரு கன மீட்டர் நீரும், அதாவது ஒவ்வொரு ஆயிரம் லிட்டரும், ஏறத்தாழ 0.9 யூனிட் மின்சாரம் தருகிறது. அலுமினியம் கிலோவுக்கு 14 யூனிட் என்று கொண்டால், ஒரு கிலோ உலோகத்துக்குச் சுமார் 16,000 லிட்டர் பெரியாற்று நீர் மலையிலிருந்து இறங்க வேண்டும். 140 மெகாவாட்டும் ஒரு நாள் முழுக்கக் கிடைத்தால் 240 டன் அலுமினியம் தயாராகும். இவ்வளவுக்கும் அந்த நீரில் ஒரு சொட்டும் குறையாது; சுழலியை விட்டு வெளியேறி, கூடலூர் வயலுக்கோ மதுரையின் குடிநீர்க் குழாய்க்கோ அது முழுதாகப் போய்ச் சேரும். அலுமினியத்துக்குக் கொடுக்கப்படுவது நீர் அன்று, நீரின் வீழ்ச்சி மட்டுமே.

வீழ்ச்சி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே பின்னர் வழக்காயிற்று. 1886ஆம் ஆண்டுப் பத்திரம் ஒரு பாசனத் திட்டத்துக்காக எழுதப்பட்டது. அதை எழுதியோர் மின்சாரத்தை எண்ணியும் பார்க்கவில்லை, எண்ணிப் பார்க்கக் காரணமும் இல்லை. நீரால் மின்சாரம் தயாரிக்கும் முதல் வணிக நிலையம் அமெரிக்காவில் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1930களில் சென்னை மாகாண அரசு பெரியாற்று நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்க முனைந்தபோது, பாசனத்துக்கு மட்டுமே நீரைக் கொடுத்தோம் என்று திருவிதாங்கூர் மறுத்தது. இரு தரப்பு நடுவர்களும் உடன்படாததால் வழக்கு இறுதித் தீர்ப்பாளரான நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் சென்றது. 1941 மே மாதத்தில் அவர் திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். விடுதலைக்குப் பின் இரு மாநிலங்களும் பேசி, லோயர் கேம்ப் மின்நிலையம் எழுந்த பின்னரும், அதற்கு முறையான எழுத்துவடிவ ஒப்புதல் 1970 மே 29ஆம் நாள் உடன்படிக்கையில்தான் கிடைத்தது. ஆண்டுக்கு 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாயும், அதற்கு மேல் 18 ரூபாயும் தமிழ்நாடு கேரளத்துக்குச் செலுத்த வேண்டும் என்று அதில் முடிவாயிற்று. அந்த 35 கோடி யூனிட்டை உலோகமாக எண்ணினால் 25,000 டன் அலுமினியம்.

வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மலைக்கு அப்பால் வேறொரு காரியம் நடந்தது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு சென்றால், அங்கே பெரியாற்றின் கிளையாறான முதிரப்புழை ஓடுகிறது. அதன் நீரைக்கொண்டு திருவிதாங்கூர் அரசு அமைத்த பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. மின்சாரத்தைக் காட்டித் தொழில்களை அழைப்பதே அவருடைய வழி. 1943இல் அலுவாவுக்கு அருகே, பெரியாற்றங்கரையிலேயே, அலுபுரம் என்று பெயர் சூட்டப்பட்ட இடத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனி தன் தொட்டிகளைத் தொடங்கியது. இந்திய மண்ணில் மின்னாற்பகுப்பால் முதலில் வடிக்கப்பட்ட அலுமினியம் அதுவே. அதற்கான அலுமினா தொடக்கத்தில் கனடாவிலிருந்து கப்பலில் வந்தது. தாது கடல் கடந்து வர, மின்சாரம் மட்டும் உள்ளூரில் இருந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது. இந்தத் தொழிலின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று இல்லை.

ஆனால் சட்டம் மட்டும் தடையாக இருந்தது என்று முடிவு கட்டுவது பிழையாகும். 1941இல் தீர்ப்பு வேறாக இருந்திருந்தாலும் கம்பம் பள்ளத்தாக்கில் அலுமினிய ஆலை நிலைத்திருக்குமா என்பது ஐயமே. பெரியாற்று நீர் வயலின் நாட்காட்டிப்படி வருகிறது. பருவமழை கைகொடுக்கும் ஆண்டில் ஜூன் முதல் வாரத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கப்படும். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்த நீரை நம்பியிருக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும். கோடையில் குடிநீருக்காக விநாடிக்கு நூறு கன அடி மட்டும் விடப்படும் நாட்களில் மின்னாக்கிகள் நின்றுவிடும். குழாய்களுக்குள் செல்லாமல் இரைச்சல் பாலம் வழியாக நீர் இறங்கும். நான்கு மணி நேரம் நின்றாலே கல்லாகிவிடும் தொட்டிக்கும், நான்கு மாதம் நிற்கக்கூடிய ஆற்றுக்கும் பொருத்தம் இல்லை. நெல்லுக்கு முதலுரிமை, மின்சாரம் அதன் வழியில் கிடைப்பது என்ற இந்த ஒழுங்கு சரியானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் உணவும் குடிநீரும் ஓர் உலோக ஆலையின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருக்குமானால் அதன் விலை மிகப் பெரியதாக இருந்திருக்கும். லோயர் கேம்ப் மின்சாரம் மாநில மின்கட்டமைப்பில் கலந்து, கிணற்று மோட்டாருக்கும் நூற்பாலைக்கும் பிரிந்து போயிற்று.

தமிழ்நாட்டில் அலுமினியம் மேட்டூரில்தான் தயாராயிற்று, அதற்கு மூன்று காரணங்கள் ஒரே இடத்தில் கூடின. மேட்டூர் அணையின் மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே அங்கு நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல்ஸ், உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா தயாரிக்கும் தொழிலில் இறங்கியது. மூன்றாவது, ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளில் கிடக்கும் பாக்சைட். நெடுங்கால மழை, பாறையிலிருந்து சிலிக்காவைக் கழுவிச் சென்றபின் எஞ்சும் அலுமினியம் செறிந்த மண்ணே பாக்சைட்; மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் உயரமான மேட்டுநிலங்களில் மட்டுமே அது உருவாகியிருக்கிறது, பழனி மலைத்தொடரிலும் உண்டு. அதைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து அலுமினாவை மட்டும் கரைத்தெடுக்கும் முறையை 1880களின் இறுதியில் கார்ல் பேயர் வகுத்தார். மால்கோ எனப்படும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, இத்தாலிய நிறுவனமான மாண்டெகாட்டினியின் தொழில்நுட்ப உதவியுடன் 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் என்ற தொடக்கத் திறனுக்கே சுமார் 20 மெகாவாட் மின்சாரம் இரவு பகலாக வேண்டியிருந்தது. மாநிலத்தில் மின்பற்றாக்குறை நிலவிய ஆண்டுகளில் அந்தத் தொட்டிகள் பட்ட பாடு பெரிது. 1999இல் ஆலை தனக்கென நிலக்கரி மின்நிலையம் அமைத்துக்கொண்டது. காவிரியின் வீழ்ச்சியை நம்பி வந்த தொழில் கடைசியில் நிலக்கரியை எரித்தே உலோகம் வடித்தது. 2008இன் இறுதியில் உற்பத்தி நின்றது. அலுபுரத்திலும் மின்சார விலை ஏறிய பின் தொட்டிகள் அணைந்துவிட்டன. மலிவான மின்சாரத்தைத் தேடி வந்த தொழில், அது தீர்ந்ததும் இரண்டு இடங்களையும் விட்டு அகன்றது.

அகன்ற பின்னும் கழிவு தங்கிவிடுகிறது. அலுமினாவைப் பிரித்தபின் எஞ்சும் சிவப்புச் சேறு, காரத்தன்மை மிக்கது. ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ வரும். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அயிகா என்ற ஊரில் இத்தகைய சேற்றுக்குளத்தின் கரை உடைந்து பத்துப் பேர் உயிரிழந்தனர். ஓர் ஓடையில் உயிரினங்களே அற்றுப்போயின. கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் முல்லையாற்றின் தலைமாட்டில், ஐந்து மாவட்டங்களின் நீர்வழிக்கு மேலே, இப்படி ஒரு குளம் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தால், சில தொழில்கள் ஓர் ஊரைத் தேடி வராதது இழப்பாகாது என்பது விளங்கும்.

அலுமினியத்தோடு மின்னாற்பகுப்பின் தேவை முடிந்துவிடவில்லை. மக்னீசியம், லித்தியம், கால்சியம், மாங்கனீசு எனப் பல உலோகங்கள் இன்றும் இந்த வழியில் எடுக்கப்படுகின்றன. இவற்றையும் ஆராயும் நாட்டின் மைய மின்வேதியியல் ஆய்வு நிலையம், தேனிக்குக் கிழக்கே காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய உண்டு. அதை உருக்கி, மின்சாரம் செலுத்தி, மக்னீசியத்தையும் குளோரினையும் பிரிக்கும் தொட்டிகளை அந்நிலையம் நெடுங்காலம் ஆராய்ந்து வந்திருக்கிறது. தென்கடற்கரையின் கழிவுநீரில் இருக்கும் உலோகத்தைப் பற்றிய இந்த ஆராய்ச்சி பொதுமக்களிடையே போதிய கவனம் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கின் மலையிடைவெளிகளில் வீசும் காற்றைக்கொண்டு இப்போது ஆண்டிபட்டி, தேனிப் பகுதிகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் அவை முழுவீச்சில் ஓடுகின்றன, மற்ற மாதங்களில் தணிகின்றன. ஆற்றைப் போலவே காற்றும் நாட்காட்டி உடையது. உலகின் சில அலுமினிய ஆலைகளில் இப்போது மின்சாரம் ஏறி இறங்குவதற்கு ஏற்பத் தொட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் சோதிக்கப்படுகின்றன. அவை வெற்றி பெறுமானால், நிற்காத மின்சாரம் வேண்டும் என்ற பழைய நிபந்தனை தளரக்கூடும்.

இதற்கிடையே, அலுமினியம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வேறொரு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து புறப்படும் உயர் அழுத்தக் கம்பிகள் நடுவே எஃகு இழையும் அதைச் சுற்றி அலுமினிய இழைகளும் முறுக்கியவை. எஃகு பாரத்தைத் தாங்குகிறது, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துகிறது. சேஷசாயி சகோதரர்கள் 1946இல் கொல்லத்துக்கு அருகே குண்டறையில் தொடங்கிய அலிண்ட் நிறுவனம், தென்னிந்தியாவில் இத்தகைய கம்பிகளைத் தயாரிப்பதில் முன்னோடி. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனியை நோக்கிச் செல்லும் கோபுரங்களில் தொங்கும் அந்த இழைகளின் ஒவ்வொரு கிலோவுக்கும், எங்கோ ஒரு தொட்டியில் பதின்மூன்று யூனிட்டுக்குக் குறையாத மின்சாரம் செலவாகியிருக்கிறது. அவற்றுக்குக் கீழே, சுழலியிலிருந்து வெளியேறிய நீர், அதே ஊர்களின் வயல்களுக்குக் கால்வாய்களில் பிரிந்து போய்க்கொண்டிருக்கிறது.